பழைய மென்பொருளை நிறுத்தியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினி வேலை எல்லாம் என் பொறுப்பு. மென்பொருள் வாங்கும்போது எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள், நாளைக்கு அதை விட வேண்டி வந்தால் உள்ளே இருக்கும் கணக்கை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

எங்களிடம் இருந்த மென்பொருள் விபி 6 (விஷுவல் பேசிக் 6) என்ற மைக்ரோசாஃப்டின் பழைய நிரல் மொழியில் எழுதியது. எடைமேடைச் சீட்டு, விவசாயிகளுக்குப் பட்டுவாடா, கூழ் விற்பனை பில் எல்லாம் அதிலேயேதான். விபி 6-இல் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது, ஆனால் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நிர்வாகம் தொடவில்லை. 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்தது. ஜூலை நமக்கு மாங்காய் சீசன் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கூழுக்கு வாங்கும் பெங்களூரா ரக மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்க, உள்ளே பில்லில் வாட், சிஎஸ்டி (மத்திய விற்பனை வரி) என்று பழைய வரிகளுக்கு நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டங்கள், ஜிஎஸ்டிக்கு இடமில்லை. எழுதிக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை, நிரலைத் திருத்தத் தேவையான மூல நிரல் (சோர்ஸ் கோடு) ஆலையில் யாரிடமும் இல்லை. மிச்ச சீசன் முழுக்க விற்பனை பில்லை எக்செல்லில்தான் போட்டோம். மாங்காய்க்கு வரி இல்லாததால் பட்டுவாடா மட்டும் பழையபடி ஓடியது, பெரிய புண்ணியம்.

புதியதற்கு மாறியபோது பெரும்பாடு விவசாயிகளின் பெயரில்தான். பழையதில் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை, அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒரே ஊரில் ஒரே பெயரில் பல மாதையன்கள், பல முனியப்பன்கள். அப்பா பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரித்தோம். யாருடைய மாங்காய்ப் பணமும் வேறொருவர் கணக்குக்குப் போகக் கூடாது, அதற்காக எத்தனை ராத்திரி உட்கார்ந்தாலும் தகும். சீசன் முடியும் கட்டத்தில் லாரி குறைந்ததும் பழையது, புதியது இரண்டிலும் ஒரே சீட்டைப் போட்டு, கூட்டுத்தொகை தினமும் ஒத்துப்போன பிறகுதான் பழையதை நிறுத்தினோம். சீசன் உச்சத்தில் மாற்றலாம் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓசூரிலிருந்து ஒருவர்: நாங்கள் சிப்காட்டில் உதிரிபாகம் செய்கிறோம், சின்ன பிரைவேட் லிமிடெட். எங்களுடையது மாத வாடகை கிளவுட் மென்பொருள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக் கணக்கில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்று விதி வந்ததே, அந்த வசதிக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். சரி, விலகுகிறோம் என்றதும் பழைய தரவை வெறும் பிடிஎஃபாகக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாக், ஜாப் ஒர்க் சலான் (வெளியே வேலைக்கு அனுப்பும் பொருளுக்கான சீட்டு) எல்லாவற்றையும் பையன்கள் உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள், நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நீங்கள் பழைய மென்பொருள் ஓடிய அந்த மெஷினை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

மாங்கூழ் ஆலைக்காரர்: இல்லை. அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றதும் முதலில் நெட் இணைப்பைப் பிடுங்கினோம், அப்புறம் எல்லா டேபிளையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பான சிஎஸ்வியாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு மெஷினைக் கழித்தோம். கம்பெனி என்றால் 8 நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும், அதனால் அந்த ஃபைல்கள் திறக்கின்றனவா என்று வருஷா வருஷம் ஆடிட்டுக்கு முன்னால் பார்த்துவிடுகிறோம். புது ஒப்பந்தத்தில், விலகும்போது முழுத் தரவையும் சிஎஸ்வியில் இலவசமாகத் தர வேண்டும் என்று ஒரு வரி கேட்டு வாங்கினோம். அடுத்த முறை நீங்களும் கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேளுங்கள்.