தம்பிக்கு வயது 24, டவுன் சிண்ட்ரோம்: அங்கவீனக் கொடுப்பனவுக்கு எங்கே தொடங்குவது?

லயத்துப்பிள்ளை:
ஹட்டன் பக்கம் தோட்டம். அம்மா பெயரில் போட்ட அஸ்வெசும (அரசாங்க நலன்புரி உதவி) கிடைக்கவில்லை. "அது இல்லையென்றால் தம்பிக்கும் இல்லை" என்கிறார்கள். தம்பிக்கு உதவி கேட்டுக் கடிதம் கொடுத்து ஒரு வருடம், பதில் இல்லை. தம்பிக்கு அடையாள அட்டை எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கிளினிக் கொப்பியில் வேறு பெயர்.

மலைமுகடு:
இரண்டும் ஒன்றல்ல தங்கச்சி. அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு முழு வீட்டையும் பார்த்துக் கொடுப்பது. அங்கவீனக் கொடுப்பனவு தம்பியின் நிலைக்கும் குறைந்த வருமானத்துக்கும் உரியது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டியது. 2025 ஏப்ரலில் அது 7,500இலிருந்து 10,000 ரூபாவாகக் கூடியது.

முதலில் அடையாள அட்டை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் காசு வராது. 15 வயது தாண்டிய எல்லோருக்கும் அது உண்டு. குறைபாடு ஒரு தடையே இல்லை. படிவத்தை ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) அல்லது தோட்டத் துரை உறுதிப்படுத்தலாம். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் அடையாளம். படம் பதிவு செய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஃபிளாஷுக்குப் பயப்படுகிற பிள்ளையென்றால் கூட்டமில்லாத காலை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

பெயர் விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்து மாதக்கணக்கில் அலைகிறார்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் போகாதீர்கள். அதில் உள்ளதை வைத்துக்கொண்டு கிளினிக் கொப்பியை மாற்றச் சொல்லுங்கள். அது ஒரே நாள் வேலை.

கிளினிக்_வரிசை:
மருத்துவ அறிக்கையில் "டவுன் சிண்ட்ரோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. தனியாகக் குளிக்க முடியுமா, பஸ்ஸில் போக முடியுமா, காசு எண்ணத் தெரியுமா, இரவில் ஆள் துணை வேண்டுமா என்பதை வைத்தியர் எழுத வேண்டும். நீங்களே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய்க் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வராது. சிறுவர் கிளினிக்கின் பழைய தாள்களையும் வைத்திருங்கள். பெரியவர்களான பிறகு ஆதார வைத்தியசாலை அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் கேட்கலாம்.

அன்றைக்கே தைராய்ட் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். டவுன் உள்ள பெரியவர்களுக்குத் தைராய்ட் சுரப்பு குறைவது அடிக்கடி நடக்கும். அதனால் வரும் சோர்வைப் பார்த்து வீட்டில் "சோம்பேறியாகிவிட்டான்" என்று விட்டுவிடுகிறோம்.

மலைமுகடு:
அந்தக் கடிதம் விண்ணப்பம் ஆகாது. படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நுவரெலியா மாவட்டத்தில் 5 பிரதேச செயலகப் பிரிவுகள் 10 ஆனபின் பழைய பிரிவில் தங்கிய கோப்புகளும் உண்டு, உங்கள் தோட்டம் இப்போது எதற்குள் என்று ஜீ.எஸ்.ஸிடம் உறுதிசெய்யுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "கோப்பு எந்த நிலையில் உள்ளது, காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம்" என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

லயத்துப்பிள்ளை:
பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. மொழிபெயர்க்க வேண்டுமா?

மலைமுகடு:
அடையாள அட்டைக்குத் தேவையில்லை. ஆனால் படிவத்தில் தமிழ்ப் பெயரை நீங்களே எழுதுங்கள். சிங்களத்தைப் பார்த்து வேறொருவர் பெயர்த்தால் முருகேசு முருகேஷு ஆகிவிடும், பிறகு வங்கியில் அதே வழக்கு.