‘நம் வீடு’ குழுவில் வேன் பேச்சுக்கு நடுவே

ரமேஷ்: ஞாயிறு வேனுக்கு எத்தனை பேர்? இன்றைக்குள் சொல்லுங்கள். 14 சீட்தான்.

சாந்தி சித்தி: நாங்கள் நான்கு பேர். கைக்குழந்தை தனி.

கோபால் பெரியப்பா: *பகிரப்பட்டது* நாட்டில் காசநோய் தலைவிரித்தாடுகிறது!! 2024ல் மட்டும் 26 லட்சம் பேர்!! எல்லாருக்கும் அனுப்பவும்!!

ரமேஷ்: பெரியப்பா, வேன்?

மாலதி அத்தை: இங்கே சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவருக்கும் அதுதான். நேற்று சளி ரிசல்ட் வந்தது. இரண்டு மாத இருமல். பெல்ட்டில் ஆணி வைத்துத் தானே புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். நான் சுகர் என்று நினைத்தேன்.

சாந்தி சித்தி: ஐயோ அண்ணி

திவ்யா: மாமா மாத்திரை ஆரம்பித்தாரா அத்தை?

மாலதி அத்தை: இன்று காலை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது என்று பயந்துவிட்டார்.

திவ்யா: ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. பயம் வேண்டாம்.

சாந்தி சித்தி: ஞாயிறு அண்ணன் வருவாரா? குழந்தை இருக்கிறது, அதான். தப்பாக நினைக்காதீர்கள்.

மாலதி அத்தை: நினைக்கவில்லை.

கோபால் பெரியப்பா: இதைத்தான் அனுப்பினேன். பெருகிவிட்டது.

திவ்யா: பெரியப்பா, நான் தினமும் பார்க்கிற கணக்கு இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். 26 லட்சம் என்பது கண்டுபிடித்துப் பதிவு செய்தவர்கள். பதிவு கூடினால் நோய் கூடியது என்று ஆகாது. 2020ல் பதிவு 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாக இறங்கியது. நோயா குறைந்தது? ஊரடங்கில் பரிசோதனைக்கு ஆள் போகவில்லை. தனியார் டாக்டர்களும் பதிவு செய்தாக வேண்டும் என்ற உத்தரவே 2012ல்தான் வந்தது. புதிதாக நோய் வருகிறவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2015ல் லட்சத்துக்கு 237 பேர். 2024ல் 187. அப்போது நோயாளிகளில் பாதிப் பேர்தான் சிகிச்சைக்குள் வந்தார்கள், இப்போது பத்தில் ஒன்பது பேர். மாமா பதிவானது நல்ல செய்தி பெரியப்பா. ஒளிந்திருந்தால்தான் ஆபத்து.

முத்து: 👍 ஏசி வேன்தானே?

கோபால் பெரியப்பா: அப்படியானால் குறைந்துவிட்டது என்கிறாய்.

திவ்யா: குறைகிறது, போதாது. 2025க்குள் 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. 2024 வரை 21 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. சாவு லட்சத்துக்கு 28லிருந்து 21 ஆகியிருக்கிறது. ஆறு மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிற நோயில் இன்னும் இத்தனை சாவு. எனக்குத் தூக்கம் கெடுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

திவ்யா: முத்து, ஏசி வேண்டாம். ஜன்னல் திறக்கிற வேன்.

முத்து: இந்த வெயிலிலா அக்கா

கோபால் பெரியப்பா: அம்மாவுக்கு இது வந்தபோது தட்டு தனி, பாய் தனி. வெளியே ஆஸ்துமா என்று சொன்னோம். சொல்லச் சொன்னது நான்தான்.

மாலதி அத்தை: அந்தத் தட்டைக் கழுவியது நான் அண்ணா. மறக்குமா.

சாந்தி சித்தி: அதை இப்போது எதற்கு

திவ்யா: தட்டில் பரவாது. இருமும்போது காற்றில்தான். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகும், வீட்டிலிருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றாது என்று 1959-60லேயே காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. அது பாட்டிக்கு நோய் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். நம் வீடு வரை வரவில்லை.

கோபால் பெரியப்பா: ம்.

திவ்யா: அத்தை, நாளையே நீங்கள் எக்ஸ்ரே எடுங்கள். அங்கே வந்து தங்கும் பிள்ளைகளும். நோய் இல்லை என்றாலும் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

சாந்தி சித்தி: குழந்தைக்கு பிசிஜி தடுப்பூசி போட்டாச்சு.

திவ்யா: குழந்தையைக் காசநோயின் மூளைக்காய்ச்சல் வகையிலிருந்து காக்கும் சித்தி. முழுக் கவசம் இல்லை. மாமா மாத்திரையை விடாமல் போட்டால் இரண்டு வாரத்தில் தொற்று வெகுவாகக் குறையும், அதுவரை குழந்தையைத் தள்ளியே வைப்போம்.

மாலதி அத்தை: அவர் வரவில்லை என்கிறார். நானும் எக்ஸ்ரே வரட்டும்.

கோபால் பெரியப்பா: ரமேஷ், என் சீட்டை எடுத்துவிடு. மாப்பிள்ளையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாலதி அத்தை: அண்ணா வேண்டாம்

கோபால் பெரியப்பா: தனியாக விட மாட்டேன் மாலு.

ரமேஷ்: சரி, 11 என்று எழுதி வைக்கிறேன். வெள்ளி வரை மாற்றலாம்.

முத்து: ஏசி?