ஃபாரோவை எங்கே நிறுத்துவது? எகிப்து ஆடியவர்களின் அனுபவங்கள்

நைல்கரை:

போன சனிக்கிழமை இரவு நடந்த ஆட்டம். ஏஜ் ஆஃப் மித்தாலஜி ரீடோல்ட் என்ற கணினிப் போர் விளையாட்டில் நான் எகிப்தின் ஐசிஸ் தெய்வத்தை எடுத்திருந்தேன், எதிராளி கிரேக்கத்தின் ஸியூஸ். கிளாசிக்கலுக்கு அடுத்த ஹீரோயிக் காலத்துக்குப் போவதற்காகப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தேன். 800 உணவு தயார். 500 தங்கத்தில் பாதிக்கு மேல் வந்தாயிற்று. என் ஃபாரோ, அதாவது எகிப்து மன்னர், தங்கத்தைக் கொண்டுவந்து போடுகிற மைனிங் கேம்ப்பின் முன்னால் நின்று அதற்குச் சக்தி ஊட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேலையாட்களான லேபரர்கள் சுரங்கத்துக்கும் கேம்ப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று வானத்திலிருந்து ஒரு மின்னல், ஸியூஸின் கடவுள் சக்தி. அவ்வளவுதான், ஃபாரோ இல்லை.

லேபரர்களில் ஒருவருக்கும் அடியில்லை. கேம்ப்பும் அப்படியே நின்றது. ஆனால் தங்கம் ஏறுகிற வேகம் இறங்கிவிட்டது. புது ஃபாரோ ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரில் வந்து சேரும் வரைக்கும் திரையின் மேலே அந்தத் தங்கக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எதிராளியின் ஹாப்லைட் வீரர்கள் வந்துவிட்டார்கள். நான் இன்னும் கிளாசிக்கலில்தான் இருந்தேன். தோற்றுவிட்டேன்.

எகிப்து ஆடிப் பழகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எகிப்துக்கு வீடு கட்ட மரம் வேண்டாம், தானியக் கிடங்கு கட்ட மரம் வேண்டாம், சுரங்கத்துக்குப் பக்கத்தில் கேம்ப் போடவும் மரம் வேண்டாம். கேட்டால் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் கட்டுவது மெதுவாக நடக்கும், அப்புறம் எல்லாமே தங்கத்தில் வந்து முடியும். படைக்குத் தங்கம். வயலுக்குக்கூடத் தங்கம். மரம் வெட்டி வயல் போட்டுப் பழகிய கிரேக்க ஆட்டக்காரர்கள் முதல்முறை எகிப்து எடுத்தால் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். இந்த மெதுவான பொருளாதாரத்தை வேகப்படுத்தத்தான் ஃபாரோ இருக்கிறார். அவர் எந்தக் கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிறாரோ அது சீக்கிரம் எழும்பும், ஆட்களைச் சீக்கிரம் தரும். பொருள் கொண்டுவந்து போடுகிற இடமாக இருந்தால் வரவு கூடும். நம்மூரில் அறுவடை நாளில் வீட்டுப் பெரியவர் களத்தில் வந்து நின்றால் வேலை எப்படி நடக்குமோ, அப்படி.

அதனால்தான் எகிப்து ஆட்டத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஒரே கேள்வி. இப்போது ஃபாரோ எங்கே நிற்க வேண்டும்? அன்றைக்கு அவரைச் சுரங்கத்தில் நிறுத்தியது சரி. அங்கே அவருக்குப் பாதுகாப்பு வைக்காததுதான் தப்பு. அதுவும் ஐசிஸ் கையில் இருக்கும்போது!

ஐசிஸின் நினைவுச் சின்னங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் எதிரி தன் கடவுள் சக்தியை ஏவ முடியாது. இது எனக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட அதை யோசித்து வைத்ததில்லை. டவுன் சென்டருக்குப் பின்னால், யாரும் வராத மூலையில் வரிசையாகக் கட்டிவைப்பேன். சின்னம் தருவது கடவுள் அருள், அதுவும் ஆட்டத்தில் ஒரு வளம்; எங்கே நின்றாலும் அது அதே அளவுதான் வரும், அதனால் பத்திரமான மூலையே போதும் என்று நினைத்திருந்தேன். அருள் எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்றால், அதைத் தங்கத்தின் தலைமாட்டில் கட்டுவதற்கு என்ன தடை?

மறுநாள் இன்னொரு ஸியூஸ் ஆட்டக்காரரோடு ஆட்டம் கிடைத்தது. முதல் சின்னத்தை மைனிங் கேம்ப்புக்கு ஒட்டினாற்போல எழுப்பினேன். ஃபாரோவை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். அந்த ஆட்டம் முழுக்க அவர் மேல் மின்னல் விழவே இல்லை. கடைசியில் அது என் முதல் போர் யானை மேல் விழுந்தது. போகட்டும், யானையை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

உங்களுக்கும் இப்படி ஃபாரோவை வைத்து ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய பதிப்பு ரசிகன்:

நான் 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்து ஆடுகிறேன், அண்ணா. கல்லூரி விடுதியில் நாலு கணினியை ஒன்றாக இணைத்து ஆடிய காலம். அப்போது கடவுள் சக்தி ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவைதான் ஏவ முடியும். இப்போது ரீடோல்டில் அருளைக் கொடுத்துத் திரும்பவும் ஏவலாம். அன்றைக்கு அவசரத்தில் ஒன்றைச் செலவழித்துவிட்டால் ஆட்டம் முடியும் வரை கை வெறுங்கைதான்.

நான் எப்போதும் எடுப்பது ரா, இன்னொரு எகிப்துத் தெய்வம். ராவின் சக்தி மழை. வயல்களில் விளைச்சல் வேகமாகும். முதல் மாதம் முழுக்க அதைத் தொடக்கத்திலேயே ஏவிவிடுவேன். அந்த நேரத்தில் என் லேபரர்கள் எல்லாம் மான் வேட்டையில் இருப்பார்கள், ஒரு வயல்கூட இருக்காது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், நனைவதற்கு வயல்தான் இல்லை. அப்புறம் அறைத்தோழன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல விதைடா, அப்புறம் மழையைக் கூப்பிடு" என்றான். அதற்குப் பிறகு கிடங்கைச் சுற்றிப் பத்து வயலாவது போட்டு, ஃபாரோவையும் அங்கே நிறுத்திவிட்டுத்தான் மழையை அழைப்பேன். இரண்டும் சேர்ந்தால் உணவு ஏறுவதைப் பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்.

ராவிடம் உங்கள் கேள்விக்கு இன்னொரு வழியும் உண்டு. ராவின் பூசாரிகளும் கட்டடங்களுக்குச் சக்தி ஊட்டுவார்கள். ஃபாரோ அளவுக்கு இல்லை, ஆனால் நாலு இடத்தில் நாலு பேரை நிறுத்தலாம். ஃபாரோ போய்விட்டாலும் கடை மூடிவிடாது. எனக்கு ராவைப் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான்.

கிளாசிக்கலுக்குப் போகும்போது ராவுக்கு பாஸ்ட், ப்டா என்று இரண்டு தெய்வங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ப்டாவிடம் ஷாடூஃப் என்று ஒரு மேம்பாடு உண்டு, அது வயலின் விலையைக் குறைக்கும். ரொம்ப நாள் அது வெறும் பெயர் என்று நினைத்துச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தச் சின்னப் படத்தை உற்றுப் பார்த்தால், அட, நம்ம ஏற்றம்! ஒரு நீளக் கழி, ஒரு முனையில் பாரம், மறுமுனையில் நீர் மொள்ள ஒரு சால். நைல் கரையில் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு நீர் ஏற்ற இதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா கிணற்றில் ஏற்றம் இறைத்தவர். அன்றிலிருந்து ப்டாவைத் தவிர வேறு தெய்வத்தை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆட்டக் கணக்கில் பாஸ்ட் மேல் என்று சொல்பவர்கள் இருக்கலாம், இருந்தாலும் நான் ப்டாதான்.

வடதிசைத் தோர்:

நான் எதிர்ப்பக்கம். நார்ஸ், அதாவது வைக்கிங் பக்கம் ஆடுகிறவன், என் தெய்வம் தோர். எகிப்தைத் தாக்கப் போகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குச் சும்மா உட்கார்ந்தால் அருள் பெரிதாக வராது, சண்டை போட்டால்தான் நன்றாக வரும். உங்களைப் போலச் சின்னத்தைக் கட்டிவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது, கிரேக்கர்களைப் போலக் கோயிலில் ஆட்களை நிறுத்தி வேண்டவும் முடியாது. அதனால் சீக்கிரமாகவே உங்கள் ஊருக்குள் வந்தாக வேண்டும். எங்கள் காலாட்படையே கட்டடமும் கட்டும் என்பதால் உங்கள் வாசலிலேயே எங்கள் படைக்கூடமான லாங்ஹவுஸை எழுப்புவோம்.

எகிப்தியர் ஊருக்குள் நுழைந்ததும் நான் தேடுவது ஃபாரோவைத்தான். கேம்ப்பை இடிக்க மாட்டேன். அது உங்களுக்கு இலவசம், பத்தடி தள்ளி இன்னொன்று கட்டிவிடுவீர்கள். ஃபாரோ எந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறார் என்று பார்த்தால் போதும், உங்களுக்கு இப்போது எதில் பற்றாக்குறை என்று தெரிந்துவிடும். சுரங்கத்தில் நின்றால் காலம் தாண்டப் போகிறீர்கள். படைக்கூடத்தில் நின்றால் நான் வருவது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. டவுன் சென்டரில் நின்றால் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குச் சரியான நேரம்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு தடவை பொய்த்தது. மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஐசிஸ் ஆட்டக்காரர். ஃபாரோ டவுன் சென்டரில் நின்றார். சரி, ஆள் சேர்க்கிறார் என்று நினைத்து எட்டு பெர்செர்க் காலாட்களோடு நேராகச் சுரங்கத்துக்குப் போனேன். லேபரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் டவுன் சென்டரை நோக்கி ஓடினார்கள். துரத்தினேன். அவரிடம் தங்கம் குவிந்து கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. ஐசிஸின் தொடக்கச் சக்தியே செழிப்புதானே, சுரங்கத்தில் தங்கம் வேகமாக வரும். அதை ஏவிச் சேர்த்துவைத்திருந்தார். நான் டவுன் சென்டரை நெருங்கியதும் அதிலிருந்து கூலிப்படை ஒவ்வொருவராகக் கொட்ட ஆரம்பித்தது. ஏற்கெனவே சீக்கிரம் வருகிறவர்கள், ஃபாரோ பக்கத்தில் நிற்பதால் இன்னும் சீக்கிரம். கூலிப்படைக்கு ஆயுள் குறைவு, கொஞ்ச நேரத்தில் தாமாகவே விழுந்துவிடுவார்கள். ஆனால் என் எட்டுப் பேருக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதுமானதாக இருந்தது.

ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. பொருளாதாரம் பார்க்கிறவர் என்றால் சண்டை தெரியாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கு ஆட்டத்தின் முடிவில் எழுதி, எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டேன். உங்கள் பக்கத்தில் பத்து நிமிடமாக எந்தச் சத்தமும் இல்லை, அதனால் தெரிந்தது என்றார்.

புதுமுகம்:

நான் இப்போதுதான் ஒரு மாதமாக ஆடுகிறேன், எல்லாருக்கும் வணக்கம். சின்ன அனுபவம்தான். கிடங்கு இலவசம் என்று தெரியாமல் ஒரே கிடங்கை வைத்துக்கொண்டு லேபரர்களைத் தூரத்து மான்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தேன். போக வர நடையிலேயே நேரம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு கிடங்கு. தொடக்கத்தில் ஊர் பார்க்கப் போகிற பூசாரியையும் சும்மா அலையவிடாமல், வழிநெடுகத் தூபி நடவைத்துக்கொண்டே போகிறேன். எதிரி வந்தால் தெரிகிறது. ஆனால் கடைசிக் காலத்தில் தங்கச் சுரங்கம் எல்லாம் தீர்ந்துபோய்விடுகிறதே, அப்போது ஃபாரோவுக்கு என்ன வேலை?

நைல்கரை:

தோர் நண்பரே, அந்தக் கூலிப்படைக் கதையை இரண்டு தடவை படித்தேன். சுரங்கத்தைக் காலி செய்துவிட்டு எதிராளியை டவுன் சென்டருக்கு வரவழைப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி புதுமுகம், சுரங்கம் தீர்ந்தால் சந்தை. சந்தைக்கும் டவுன் சென்டருக்கும் இடையில் வண்டிகள் போய் வரும், தூரம் கூடக் கூட ஒரு நடைக்குக் கிடைக்கும் தங்கமும் கூடும். அதனால் சந்தையைத் தூரத்து மூலையில் போடு, ஆனால் வண்டிப் பாதை எதிரியின் பக்கமாகப் போகக் கூடாது. ஹீரோயிக்குக்கு அடுத்த மித்திக் காலத்துக்குப் போகச் சந்தை எப்படியும் வேண்டும், அதனால் இடத்தை முதலிலேயே யோசித்துக்கொள். சுரங்கம் தீரும் வரைக்கும் காத்திருக்காதே. கடைசிச் சுரங்கத்தில் பாதி இருக்கும்போதே வண்டிகள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். ஃபாரோவுக்கு வேலையா? சந்தையில் நிறுத்து, வண்டிகள் சீக்கிரம் வரும். போதுமான வண்டி ஆனதும் மிக்டோல் கோட்டைக்கு அனுப்பிவிடு.

நேற்று இரவு இதையெல்லாம் சேர்த்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தேன். எதிரில் மறுபடியும் ஸியூஸ், நல்ல ஆட்டக்காரர். மித்திக்கில் ஓசிரிஸ் தெய்வத்தை எடுத்து நியூ கிங்டம் மேம்பாட்டை முடித்தேன். அது இரண்டாவதாக ஒரு ஃபாரோவைத் தரும். அவர் டவுன் சென்டரில் வந்து நின்றதும் என்ன செய்வது என்று எனக்கே ஒரு நொடி புரியவில்லை. இத்தனை வருடமாக ஒருவரை எங்கே நிறுத்துவது என்று மட்டுமே யோசித்துப் பழகியவன்.

பழையவரைச் சந்தையிலேயே விட்டேன், அங்கே ஒரு சின்னம் காவலுக்கு இருந்தது. புதியவரை மிக்டோலுக்கு நடக்கவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யானைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.