நெட் உயரமும் தண்ணீர்க் குடமும்: ஊர் வாலிபால் குழுவில் எல்லாருக்கும் இடம்

ஊர்க் குழுவில் யாரும் ஒதுங்கிப் போகாமல் ஆட என்ன செய்யலாம் என்று நான்கு பேர் புனைபெயரில் சொல்கிறார்கள்.

லிஃப்டர்:
பெண்பிள்ளைகள் இரண்டு வாரம் வந்து நின்றுவிடுகிறார்கள் என்றால் முதலில் கம்பத்தைப் பாருங்கள். பல ஊர்களில் ஜிஐ பைப்பில் 2.43 மீட்டரில் ஒரே கொக்கியை வெல்டிங் வைத்திருப்பார்கள். அது ஆண்கள் உயரம். பெண்களுக்கு 2.24. இந்த 19 செ.மீ.யால்தான் அவர்களுக்கு அட்டாக் (எம்பி நெட்டுக்கு மேலே அடிக்கும் அடி) விழுவதில்லை. பழியோ "இவங்களுக்கு ஆட வராது" என்று அவர்கள் தலையில்.

கொக்கியை அறுத்துவிட்டு, கம்பத்துக்கு இரண்டு யூ கிளாம்ப் மாட்டுங்கள், மேல் கயிற்றுக்கு ஒன்று, கீழ்க் கயிற்றுக்கு ஒன்று. ஸ்பேனர் இருந்தால் ஏற்றி இறக்க ஐந்து நிமிடம். கீழ்க் கயிற்றை இறக்க மறந்தால் நெட் தொளதொளவென்று தொங்கும், பட்ட பந்து எழும்பாமல் செத்து விழும். உயரத்தைக் கோர்ட்டின் நடுவில் அளக்க வேண்டும். சைடு லைனுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே அளவாக, உரிய உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும். மூங்கில் கழியில் 2.43, 2.24, சின்னப் பிள்ளைகளுக்கு 2.10 என மூன்று பட்டை ஒட்டிவைத்தால் தகராறே வராது.

சைடு லைன்:
நெட்டை இறக்கியும் ஆள் வராவிட்டால் கழிவறைத் தாழ்ப்பாளைப் பாருங்கள். பிறகு மைதானத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்கு அரை மணி முன்பே பயிற்சியை முடித்துவிட வேண்டும். அரை டவுசர்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். டிராக் பேன்ட், தலைத்துணி எதுவும் ஆட்டத்தைக் கெடுக்காது. கை நிலையைத் திருத்தத் தொடுவதானால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். தனி ஆளாகப் பயிற்சி தர வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் "குழுவுக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று புகார் தராமல் மறைப்பது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அறைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

மணல்தரை:
கால் இயலாதவர்களை ஸ்கோர் எழுத உட்காரவைப்பதோடு நிறுத்திவிடுகிறோம். தரையில் உட்கார்ந்தே ஆடும் அமர்வு வாலிபாலுக்குக் கோர்ட் 10க்கு 6 மீட்டர்தான். நெட் உயரம் ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05. நம்முடைய ஒரு மீட்டர் அகல நெட்டைக் கட்டினால் அடிப்பகுதி தரையை உரசப் பார்க்கும். பயிற்சிக்கு அது போதும். பந்தைத் தொடும்போது பிட்டத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உடல் தரையில் பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கிய விதி. சர்வீஸையே பிளாக் செய்யலாம் (நெட்டருகே கையை உயர்த்தித் தடுக்கலாம்) என்பதால் ஆட்டம் எதிர்பார்த்ததைவிட வேகம். சிமென்ட் தரை தோலை உரித்துவிடும். பாய் விரித்தால் வழுக்கி நகரும், ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். செயற்கைக் காலைக் கழற்றி வைக்க நிழலில் ஒரு பெஞ்சும் போடுங்கள், வெயிலில் கிடந்தால் திரும்ப மாட்டும்போது சுடும். நல்ல காலோடு இருப்பவர்களும் உட்கார்ந்து ஆடட்டும். பாதிப் பேருக்கு முதல் நாள் நகரவே வராது.

நடுவர்:
காது கேளாதவர்களுக்கு வாலிபால் வசதி. நடுவர் சைகைகள் ஏற்கனவே இருக்கின்றன, விசில் ஒன்றுதான் எட்டாது. விசிலோடு சேர்த்து நெட் கயிற்றை ஆட்டுங்கள், அல்லது சிவப்புக் கொடியை உயர்த்துங்கள். "எனக்கு" என்று கத்திப் பந்தை எடுக்கும் பழக்கம்தான் இடிக்கும். இரண்டு பேருக்கு நடுவே வரும் பந்து யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்தால் மோதல் குறையும்.

லிஃப்டர்:
யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்கு ஒரு டீம் என்று பிரித்தால் நம் ஊர்களில் அது சாதிக்கு ஒரு டீம். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பனியனில் தலைவர் படமோ பட்டப்பெயரோ வேண்டாம், எண் போதும். குடத்தையும் டம்ளரையும் எடுத்துவிட்டுக் குழாய் வைத்த கேனும் அவரவர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். யார் மொண்டு குடிப்பது, யாருக்கு ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மைதானம் ஒரு தெருவின் கோயில் இடமாக இருந்தால், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துப் பள்ளி மைதானத்துக்கு மாறிவிடுவது நல்லது. அங்கே "எங்க இடம்" என்று யாரும் சொல்ல முடியாது.