கொந்தளிக்கும் கடலில் வேலைப்படகு: இயந்திர அறைக்குள் காற்று வர வேண்டும், உப்புநீர் வரக் கூடாது

சுக்கான் எழுதியது:

வணக்கம். 16 மீட்டர் நீளமுள்ள அலுமினிய வேலைப்படகு ஒன்றின் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பில் உள்ளது. பிரதான டீசல் எஞ்சின் 300 கிலோவாட் திறன் கொண்டது. அதே அறையில் 20 கிலோவாட் ஜெனரேட்டரும் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பலத்த காற்றிலும் எதிரலையிலும்தான் வேலை. வெளிக்காற்று 33 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் இயந்திர அறை 58 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்கள் அடிக்கடி பழுதாகின்றன, பெல்ட்டுகளில் விரைவிலேயே வெடிப்பு விழுகிறது, ஏர் ஃபில்டரின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

காற்று உள்ளே வருவதற்கு மேல்தளக் கூண்டின் இருபுறச் சுவர்களிலும் 40-க்கு 30 செ.மீ. அளவில் ஒவ்வொரு லூவர் (சாய்ந்த தகடுகள் கொண்ட காற்றுத் திறப்பு) உண்டு. சூடான காற்றை வெளியேற்றக் கூரையை ஒட்டி ஒரு விசிறி இருக்கிறது. கடல் அமைதியாக இருந்தால் மேல்மூடியைச் சற்றுத் திறந்து வைத்துச் சமாளிக்கிறோம். கொந்தளித்தால் அதை அடைத்தே ஆக வேண்டும். அடைத்த சிறிது நேரத்திலேயே எஞ்சின் கரும்புகை கக்குகிறது. வெளியேற்றும் விசிறியை இருமடங்கு பெரிதாக்கினால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது சரியான தீர்வுதானா? இதுபோன்ற படகுகளில் வேலை செய்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கப்பி எழுதியது:

வணக்கம். பெரிய விசிறி வாங்கும் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மூடியை அடைத்ததும் கரும்புகை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது: அறைக்குள் காற்று நுழையப் போதிய வழி இல்லை. எஞ்சின் தன் எரிதலுக்கான காற்றை அறையிலிருந்துதான் இழுக்கிறது. வெளியேற்றும் விசிறியும் அதே அறையிலிருந்துதான் இழுக்கிறது. வரும் வழி குறுகலாக இருக்கும்போது விசிறியைப் பெரிதாக்கினால், எஞ்சினின் வாயிலிருந்து காற்றைப் பிடுங்குவதாகவே முடியும். அதோடு, அறையின் அழுத்தம் குறையக் குறைய லூவர் வழியே காற்று இன்னும் வேகமாகப் பாய்ந்து, வெளியே பறக்கும் சாரலையும் சேர்த்து இழுத்து வரும்.

ஊகத்தை விட்டு முதலில் அளந்து பாருங்கள். உள்ளே நீர் தெரியும்படியான மெல்லிய பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு முனையை அறைக்குள்ளும் மறுமுனையைக் காற்று நேரடியாக வீசாத வெளியிடத்திலும் வைத்து, எல்லா மூடிகளையும் அடைத்து முழுச்சுமையில் ஓட்டுங்கள். இருபுற நீர்மட்டத்தின் வேறுபாடு 10 மில்லிமீட்டர் என்றால், அழுத்த அலகான பாஸ்கலில் அது ஏறத்தாழ 100. அறைக்குள் குறை அழுத்தம் அந்த அளவை எட்டினாலே கவலைப்பட வேண்டும்.

அடுத்தது கணக்கு. டீசல் கப்பல்களின் இயந்திர அறைக் காற்றோட்டத்துக்கு ஐஎஸ்ஓ 8861 என்ற தரநிலை இருக்கிறது. அது கப்பல்களுக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும் அதன் அடிப்படை உங்கள் படகுக்கும் பொருந்தும். வெளிக்காற்று 35 டிகிரி என்று கொண்டு, அறைக்குள் அது 12.5 டிகிரிக்கு மேல் சூடேறாத அளவுக்குக் காற்று தர வேண்டும் என்பதும், எவ்வளவு குறைத்தாலும் மொத்தக் காற்று எரிதலுக்கான காற்றைப் போல் ஒன்றரை மடங்குக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதன் சாரம். எரிதலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.1 கன மீட்டர் என்று வைத்தால், உங்கள் இரண்டு எஞ்சின்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 0.53 கன மீட்டர் வருகிறது. அறைக்குள் வெளிப்படும் வெப்பத்தை எஞ்சின் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு எல்லாம் சேர்த்து 20 கிலோவாட் என்று கொள்வோம். அதை 12.5 டிகிரி உயர்வுக்குள் அகற்ற வினாடிக்கு 1.4 கன மீட்டர் வேண்டும். எரிதலுக்குப் போகும் காற்றும் சிறிது வெப்பத்தை எடுத்துச் செல்வதால், அந்தக் காற்றின் 40 சதவீதத்தை இதிலிருந்து கழித்துக்கொள்ள தரநிலை இடம் தருகிறது. கழித்தால் 1.2 வருகிறது. அதோடு எரிதலுக்கான 0.53-ஐக் கூட்டினால், ஆக மொத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 1.7 கன மீட்டர்.

உங்கள் அறையில் இப்போது உயர்வு 25 டிகிரி. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், தேவையான காற்றில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுதான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. இரண்டு லூவர்களின் மொத்தப் பரப்பு 0.24 சதுர மீட்டர். தகடுகள் மறைப்பது போக உண்மையான திறப்பு அதில் பாதிதான் தேறும் என்றால், 1.7 கன மீட்டரும் அதன் வழியே போக வேகம் வினாடிக்கு 14 மீட்டர் ஆகிவிடும். காற்றுக்குழாய்க்குள்ளேயே 10 மீட்டருக்கு மேல் போக விடுவதில்லை. கடலைப் பார்த்த வாயில் 14 மீட்டர் என்றால் நீரைக் கூப்பிட்டு உள்ளே விடுவதற்குச் சமம்.

என் பரிந்துரை இது: உள்ளே தள்ளும் விசிறியைப் பிரதானமாக வையுங்கள், வெளியேற்றத்தை அதற்கு அடங்கியதாக வையுங்கள். 1.7 உள்ளே வந்தால் எஞ்சின் 0.53 எடுத்துக்கொள்ளும், மீதி ஏறத்தாழ 1.2 மட்டும் மேலே வெளியேறட்டும். அறையில் 50 பாஸ்கலுக்கு மிகாத சிறு மிகை அழுத்தம் இருந்தால் கதவிடுக்கு, கேபிள் துளை என்று எந்த வழியாகவும் சாரல் உள்ளே உறிஞ்சப்படாது. குளிர்ந்த காற்றை ஒரு கோடியில் தாழ்வாக இறக்கி, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) இருக்கும் சூடான கோடிக்கு மேலே வெளியேற வழி செய்யுங்கள். இரண்டு வாய்களும் அருகருகே இருந்தால் புதிய காற்று எஞ்சினைத் தொடாமலேயே வந்த வழியில் போய்விடும். இந்தத் தவறைப் பல படகுகளில் பார்க்கலாம்.

உவர்க்காற்று எழுதியது:

கப்பி அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உப்பைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் காற்றைக் கூட்டும்போது உப்பும் கூடித்தான் வரும்.

ஆல்டர்னேட்டர் பழுதுக்கு வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது அறை சூடாக இருப்பதால் ஈரப்பதம் குறைந்து, உப்பு உலர்ந்த பொடியாகச் சுருள்களின் மேல் படிகிறது. அப்போது பெரிய தீங்கு தெரியாது. எஞ்சினை நிறுத்தி இரவில் அறை குளிர்ந்த பிறகுதான் அந்தப் பொடி ஈரமாகி, மின்சாரம் கசியும் படலமாக மாறுகிறது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது பழுது வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே உள்வரும் வாயில் வெறும் லூவர் போதாது. நெளிந்த தகடுகளாலான நீர்ப்பிரிப்பான் தேவை. காற்று நெளிந்து திரும்பும்போது கனமான துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வடிந்துவிடும் என்பதே அதன் தத்துவம். அதனால்தான் வேகம் சரியாக அமைய வேண்டும்: மிகக் குறைந்தால் துளிகள் காற்றோடு நெளிந்து தப்பிவிடும், மிகுந்தால் தகட்டில் பிடித்த நீரையே காற்று மறுபடி கிழித்துக்கொண்டு போகும். நீங்கள் தேர்ந்தெடுப்பது வினாடிக்கு 4 மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டதானால், 1.7 கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.43 சதுர மீட்டர் முகப்பு வேண்டும். மிக நுண்ணிய உப்புத்துளிகளைத் தகடு மட்டும் பிடிக்காது. அவற்றைச் சேர்த்துப் பெரிய துளியாக்கும் இழை வடிகட்டியையும், அதற்குப் பின்னால் இன்னொரு தகட்டு அடுக்கையும் வைப்பதே முழுமையான ஏற்பாடு. ஒவ்வொரு அடுக்கும் அழுத்தத்தைத் தின்னும். விசிறியின் விளம்பரத்தில் போட்டிருக்கும் காற்றளவு பெரும்பாலும் தடையில்லாத நிலைக்குரியது என்பதால், எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் அதன் அழுத்த வரைகோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உப்பேறி வடிகட்டி பாதி அடைபட்ட நிலையிலும் விசிறி தேவையான காற்றைத் தர வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது வடிகுழாய். நீர்ப்பிரிப்பானுக்குப் பின்னால் விசிறி இருந்தால் அந்தப் பெட்டிக்குள் குறை அழுத்தம் நிலவும். வளைவில்லாத குழாயை அடியில் பொருத்தினால் நீர் இறங்குவதற்குப் பதில் குழாய் வழியே காற்று மேலேறும், தேங்கிய நீர் விசிறிக்குப் போகும். உறிஞ்சும் அழுத்தம் 300 பாஸ்கல் என்றால் 30 மில்லிமீட்டர் நீர்மட்டம் அதைத் தாங்கும். படகு ஆடுவதையும் கருதி அதைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆழமான வளைவு வையுங்கள். உறைபனிக் கடலில் ஓடும் படகானால் தகடுகளுக்கு வெப்பமூட்டியும் வேண்டும். இல்லையேல் சாரல் உறைந்து வாயையே அடைத்துவிடும்.

சுக்கான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழாய்ச் சோதனையைச் செய்து பார்த்தேன். எல்லாம் அடைத்த நிலையில் வேறுபாடு 18 மில்லிமீட்டர். மேல்மூடியைத் திறந்ததும் நீர்மட்டம் சமநிலைக்கு வந்தது, புகையும் தெளிந்தது. உள்வரும் வாயைப் பெரிதாக்கி, படகை ஓட்டும் சக்கர அறைக்குப் பின்னால் நடுக்கோட்டில் உயர்த்தி வைக்க எண்ணுகிறேன். இதனால் தீ அணைப்பு ஏற்பாட்டுக்கோ படகின் நிலைப்புக்கோ (சாய்ந்தாலும் கவிழாமல் நிமிரும் தன்மைக்கோ) ஏதும் பாதகம் வருமா?

நங்கூரம் எழுதியது:

இடத்தை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும் வரை அடைக்க முடியாத திறப்பு எதுவோ, படகு சாயும்போது கடல் முதலில் உள்ளே புகும் வழியும் அதுதான். நிலைப்புக் கணக்கில் நீர் புகும் கோணம் என்பது அந்தத் திறப்பின் கீழ்விளிம்பை வைத்தே கணிக்கப்படுகிறது. பக்கச் சுவரிலிருந்து நடுக்கோட்டுக்கும் உயரத்துக்கும் வாயை மாற்றினால் அந்தக் கோணம் கூடும். அது உங்களுக்கு நன்மை. ஆனால் பழைய லூவர்களை அப்படியே விட்டுவிடாமல் தகடு வைத்துப் பற்றவைத்து மூடினால்தான் அந்த நன்மை கிடைக்கும். மாற்றம் முடிந்ததும் நிலைப்புக் கையேட்டைத் திருத்தி, படகுக்குச் சான்றளிக்கும் அமைப்பிடம் ஒப்புதல் பெறுங்கள். கப்பல் எவ்வளவு ஆழம் வரை அமிழலாம் என்று வரையறுக்கும், பெரிய கப்பல்களுக்கான சுமைக்கோட்டு உடன்படிக்கை, முன்பகுதி போன்ற அலை மிகுந்த இடங்களில் தளத்திலிருந்து 4.5 மீட்டருக்கும் பிற இடங்களில் 2.3 மீட்டருக்கும் மேல் உயர்ந்த காற்றுவாய்களுக்கே மூடி வேண்டியதில்லை என்கிறது. 16 மீட்டர் படகில் அந்த உயரம் நடவாது. ஆகவே நீர் புகாதபடி அடைக்கும் மூடி கட்டாயம் இருக்கட்டும்.

தீ விஷயத்தில் சற்றும் தளர வேண்டாம். ஒவ்வொரு திறப்புக்கும், உள்வழி வெளிவழி இரண்டுக்கும், அறைக்கு வெளியே நின்று மூடக்கூடிய தீத்தடுப்பு மடல் வேண்டும். அணைப்பு வாயு திறக்கப்படும்போது விசிறிகளும் எஞ்சின்களும் தாமாகவே நிற்க வேண்டும். உள்ளே தள்ளும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அது தீக்கு ஊதிக் கொடுக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அறையிலுள்ள அணைப்பு வாயுவை இழுத்துப் புகைக்குழாய் வழியே வெளியே கொட்டிவிடும். மடலின் அச்சு உப்பில் இறுகிப் போவது மிகச் சாதாரணமாக நடப்பதால், அதை மாதந்தோறும் கையால் முழுதாக மூடித் திறந்து பார்ப்பதைப் பராமரிப்புப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

கப்பி எழுதியது:

18 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 180 பாஸ்கல். உள்வழி போதவில்லை என்பது இதனால் உறுதியாகிறது. நீங்கள் திட்டமிடும் வேலையோடு சேர்த்து, டர்போவுக்கும் உலர்ந்த (குளிர்விக்கும் நீர் கலக்காத) புகைக்குழாய்க்கும் வெப்பக்காப்பு உறை போடுங்கள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் விதிகள் 220 டிகிரியைத் தாண்டும் பரப்புகளுக்கு, எரிபொருள் தெறித்துத் தீப்பற்றக் கூடாது என்பதற்காக அதைக் கேட்கின்றன. உங்களுக்கு அது அறையின் வெப்பச்சுமையையும் குறைத்துக் கொடுக்கும். உறை போட்ட பிறகு விசிறியின் அளவை மறுபடி கணக்கிட்டால் சிறியதே போதுமானதாக இருக்கலாம்.

வெப்பமானியைக் கூரையடியில் மட்டும் வைக்காமல் எஞ்சினின் ஏர் ஃபில்டர் வாயிலும் ஒன்றை வையுங்கள். எஞ்சின் மூச்சிழுக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடு என்பது அங்கேதான் தெரியும். புதிய குழாயின் முனையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் அந்த அளவை வைத்தே முடிவு செய்யலாம்.