மறு: மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ப் பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'முகுளக்கட்டி' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி, இடம்தான் தப்பு ஐயா. முகுளம் (ஆங்கிலத்தில் மெடுல்லா) மூளைத்தண்டின் அடிப்பகுதி. இந்தக் கட்டி வளர்வது சிறுமூளையில். 'மெடுல்லா' என்று பார்த்ததுமே நம் கை முகுளத்துக்குப் போய்விடுகிறது. மூலப் பெயரே ஓர் ஊகத்தில்தான் நிற்கிறது. 1925இல் நரம்பு அறுவை மருத்துவர்களான பெய்லியும் குஷிங்கும் 'மெடுல்லோபிளாஸ்ட்' என்றொரு மூல உயிரணு இருப்பதாக எண்ணி அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அப்படி ஓர் உயிரணு கடைசிவரை அகப்படவில்லை. இல்லாத ஒன்றை நாம் ஏன் மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டும்?

> குழந்தைகளுக்கு வருவதுதானே? 'மழலை மூளைக்கட்டி' அழகாக இருக்கும்.

இதற்கு மட்டும் நான் ஒப்பவே மாட்டேன். பெரியவர்களுக்கு இது அரிது, ஆனால் வருகிறது. அதிலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கே பெரும்பாலும். விடியற்காலைத் தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம் என்று போன முப்பத்தைந்து வயதுக்காரரிடம் 'மழலை' என்று எழுதிய அறிக்கையைக் கொடுத்தால், யாரோ ஒரு குழந்தையின் தாள் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். கட்டியின் போக்கும் வேறு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிறுமூளையின் நடுக்கோட்டில் வரும். பெரியவர்களுக்குப் பக்கவாட்டு அரைக்கோளத்தில் வருவது அதிகம். கட்டியின் மரபணு மாற்றங்களை வைத்துப் பிரிக்கும் மூலக்கூறு வகையிலும் பெரியவர்களிடம் மிகுதியாகக் காண்பது சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகை. (வீடியோ கேம் முள்ளெலியின் பெயர்! அதைத் தமிழாக்கும் வேலையை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள்.)

> கிரேக்க 'பிளாஸ்டோஸ்' என்றால் முளை. கருக்கட்டி / முளைக்கட்டி?

பொருள் சரி. ஆனால் 'கருக்கட்டி' என்றால் கேட்பவர் கருப்பைக்குப் போய்விடுவார். 'முளை' இன்னும் ஆபத்து. இந்த மடலை எழுதும்போதே இரண்டு முறை 'சிறுமூளை மூளைக்கட்டி' என்று அடித்துவிட்டேன். பிழைதிருத்தி கண்டுகொள்ளவில்லை, அதற்கு இரண்டுமே சரியான சொல்.

என் பரிந்துரை: சிறுமூளை அரும்புக்கட்டி. அரும்பும் 'பிளாஸ்டோஸ்'தான், குழப்பமும் இல்லை. ரெட்டினோபிளாஸ்டோமா விழித்திரை அரும்புக்கட்டி, நியூரோபிளாஸ்டோமா நரம்பு அரும்புக்கட்டி என்று ஒரே கிளையில் வந்துவிடும்.

இவ்வளவு கொடிய நோய்க்கு அரும்பு என்பது மென்மையாக இல்லையா என்று அம்மா கேட்டிருந்தார்கள். கொடுமையைப் பெயர் சுமக்க வேண்டாம், தரம் சொல்லட்டும். உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இது எப்போதும் தரம் 4. அதை 'நிலை 4' என்று எழுதிவிடாதீர்கள். நிலை என்பது பரவலைச் சொல்வது. தரம், உயிரணுவின் குணத்தைச் சொல்வது. கட்டி எங்கும் பரவாமல், அறுவையும் கதிர்வீச்சும் பெற்றுக் குணமாகக்கூடியவரை அந்த ஒரு சொல் கலங்கடித்துவிடும்.

ஒரு சிக்கல் எனக்கே இருக்கிறது. இதே கட்டியின் இன்னொரு மூலக்கூறு வகையான டபிள்யூஎன்டி (WNT) மூளைத்தண்டின் முதுகுப்புற உயிரணுக்களிலிருந்து தோன்றுவதாக எலி ஆய்வுகள் காட்டுகின்றன. தோன்றும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் 'சிறுமூளை' அங்கே இடிக்கிறது. கட்டி காணப்படும் இடத்தை வைத்துப் போகலாம் என்பது என் எண்ணம். நோயியல் படித்தவர்கள் யாராவது மறுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.