ஆயில் ஷாக் இல்லாவிட்டால் பொம்மையா?

கல்லேறி: கிராலர், அதாவது கல் ஏறும் ரிமோட் பொம்மைக் கார், புதிதாக வாங்க நம் குழுவில் யோசனை கேட்டு வந்த ஒரு பையனிடம் "எஸ்சிஎக்ஸ்24 குழந்தைகள் பொம்மை, ஆயில் ஷாக் (எண்ணெய் அடைத்த அதிர்வுதாங்கி) இல்லாதது கிராலரே இல்லை, டிஆர்எக்ஸ்-4எம் வாங்கு" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் இருப்பது எஸ்சிஎக்ஸ்24தான். படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. கல்லில் வண்டி ஓடுவதில்லை, ஊர்கிறது. அந்த வேகத்தில் ஷாக்குக்குள் எண்ணெய் இருந்து என்ன சாதிக்கப்போகிறது? முன்சக்கரத்துக்குள் பித்தளையைப் போட்டு எடையைக் கீழே இறக்குங்கள், அப்புறம் ஏறுகிறதா இல்லையா என்று பாருங்கள்.

அடையாறு ஆக்சில்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். எண்ணெய் இல்லாத ஸ்பிரிங் இறக்கத்தில் துள்ளும், துள்ளினால் கவிழும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 4எம் வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 155 மி.மீ., உங்கள் எஸ்சிஎக்ஸ்24 ஜீப்புக்கு 133 சொச்சம். பேட்டரி அங்கே 750 எம்ஏஎச், உங்களுக்கு 350.

கல்லேறி: வீல்பேஸை யார் கேட்டார்கள்? 4எம் நிஜ வண்டியில் 1/18 அளவு, என்னுடையது 1/24, நீளம் வேறாகத்தான் இருக்கும். ஷாக்கைப் பற்றிப் பேசுங்கள். கவிழ்வது மேலே கனக்கிற பாடியால். இன்னொன்று, எந்த ஆயில் ஷாக்கும் ஒருநாள் கசியும். கசிந்த தண்டில் எலியட்ஸ் கடற்கரை மணல் அப்பிக்கொண்டு மேலும் கீழும் அரைக்கும்போது அந்த சீல் எத்தனை நாள் தாங்கும்?

ராயபுரம் ரேடியோ: நண்பர்களே, எஃப்சிஎக்ஸ்24 என்று இன்னொரு கிராலரும் இருக்கிறது. அதே 1/24, போர்ட்டல் ஆக்சில் (சக்கரத்தருகே கியர் வைத்து உயர்த்திய அச்சு), இரண்டு கியர். எஸ்சிஎக்ஸ்24-இல் ஷாக்கைவிட சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார்தான் பிரச்சினை, கல்லிடுக்கில் சக்கரம் மாட்டினால் திருப்பப் பலம் போதாது. அதை யாருமே பேசவில்லையே?

அடையாறு ஆக்சில்: சர்வோவும் பலமில்லை, ஷாக்கிலும் எண்ணெய் இல்லை. இதைத்தான் பொம்மை என்றேன். 4எம் தண்ணீரில் இறங்கும், உங்களுடையதை நனைத்துப் பாருங்கள்.

கல்லேறி: தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு. காசிமேடு பாறையில் அலை தெறித்தபின் நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால் பேரிங்கும் திருகும் துருப்பிடிக்கும், எந்த கம்பெனி வண்டியானாலும். பேச்சை மாற்றாதீர்கள். ஊர்கிற வண்டிக்கு எண்ணெய் எதற்கு? இன்னும் பதில் வரவில்லை.

அடையாறு ஆக்சில்: பதில் முதலிலேயே சொன்னேன், துள்ளும். அப்புறம், நீங்கள் எனக்கு விற்ற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தலையணையாக வீங்கிக் கிடந்ததே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கல்லேறி: முழு சார்ஜில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் எந்த லிப்போவும் வீங்கும். ஓட்டாமல் வைக்கும்போது ஸ்டோரேஜ் சார்ஜில், அதாவது செல்லுக்கு 3.8 வோல்ட்டில், வையுங்கள் என்று கொடுக்கும்போதே சொன்னேன். உங்கள் பராமரிப்புக்கு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

ராயபுரம் ரேடியோ: அந்தப் பையன் என்ன பட்ஜெட் என்றாவது கேட்டீர்களா?

கல்லேறி: பட்ஜெட் அப்புறம். ஞாயிறு காலை ஒரே கல்லில் இரண்டு வண்டியையும் வைப்போம், உங்கள் ஷாக்கில் எண்ணெயோடு வாருங்கள்.

அடையாறு ஆக்சில்: வருகிறேன். கல்லை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

கல்லேறி: அதெப்படி? வம்பை ஆரம்பித்தவர் நீங்கள், கல் என்னுடையது.